ஒருவர் ஊற்ற, மற்றவர் கழுவவும்

கொரோனா வந்த வருடம் அம்பிட்டியவில் என் வீட்டுப் படலைக்கு ஒரு தம்பி வந்தார். சுகாதாரப் பகுதியில் வேலை. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. கையில் ஒரு கட்டுத் தாள் வைத்திருந்தார். சுகாதாரப் பணியாளர்களுக்கான வழிகாட்டல், சிங்களத்தில் இருக்கிறது, தோட்டப் பக்கத்துக்கு அனுப்பத் தமிழில் வேண்டும், நீங்கள் முந்தி இந்த வேலையை நன்றாகச் செய்தீர்களாம் என்றார்.

யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. படலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி வேறொன்று கேட்டேன்.

"தம்பி, இதில சுகாதாரப் பணியாளர் எண்டா ஆர் ஆர்?"

"டொக்டர், நேர்ஸ், மிட்வைப், பி.எச்.ஐ..." என்று விரல் மடக்கிக்கொண்டு போனார்.

"வாளி தூக்கிறவ?"

அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "க்ளீன் பண்றவங்களா? அவங்க கொன்ட்ராக்ட் ஆளுங்க மெடம். அவங்கள கம்பெனி பாத்துக்கும்."

முடியாது என்றேன். கண் தெரியாது, வயது போய்விட்டது என்று சாக்குச் சொல்லவில்லை. முடியாது, அவ்வளவுதான். முகம் சுண்டிப்போய் அவர் இறக்கத்தில் இறங்கிப் போனார். பாவம், அவர்மேல் எனக்கு என்ன கோபம். என் கோபத்துக்கு அவரைவிட வயது கூட. அது மடுல்கெல்ல மலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. முதலில் என்மேல்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கண்டியில் படித்து, மருத்துவிச்சியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான். தமிழருக்கு எதிரான பெரிய கலவரம் நடந்தபோது நாங்கள் அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்தோம். எங்கள் யன்னல் கண்ணாடிகள் உடைந்தன, நாங்கள் தப்பினோம். அடுத்த மாதம் வீட்டுக்காரர் பணிவாக வந்து, உங்களால் எங்களுக்கும் கரைச்சல், வேறு இடம் பாருங்கள் என்றார். இன்றைக்கு நான் குடியிருக்கும் இந்த வீடு வேறு, இது எங்கள் உழைப்பில் வாங்கியது. அன்றைக்கு எங்களுக்குப் போக்கிடம் இல்லை. குவார்ட்டர்ஸ் தருவார்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தோட்டத்து வேலையை எடுத்தேன். கணவர் கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார், சனி ஞாயிறுகளில் மேலே வருவார். ஐந்து வயது மகள் என்னோடு இருந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் ஒரு நீளக் கட்டடம், எட்டுக் கட்டில், ஒரு மருந்து அறை. எங்கள் பெரியவர் மருத்துவ உதவியாளர்தான். லயத்துச் சனம், வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள், அவரை டாக்டர் ஐயா என்று சொல்லும். அவரும் யாழ்ப்பாணத்தவர். இருபது வருடமாக அந்தத் தோட்டத்தில் இருந்தார். கெட்ட மனிதர் இல்லை. பாதிச் சாமத்தில் பிரசவம் என்றாலும் எழும்பி வருவார். ஆனால் இருபது வருடத்தில் ஒரு தொழிலாளியின் வீட்டில் அவர் ஒரு வாய் தேத்தண்ணி குடித்ததில்லை. நானும் குடித்ததில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, அது அப்படித்தான் என்று சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் குழாய் இல்லை. குழாய் டாக்டர் ஐயாவின் குவார்ட்டர்ஸ் வரை வந்து நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பணிய, ஒரு சரிவு இறங்கினால் பீலி, மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் வழியாக விழும் இடம். அங்கிருந்து வாளியில் சுமந்து கொண்டுவர வேண்டும். சுமந்து வருவது அவள்.

அவள் என்றே எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். அந்த நாளில் நான் அவளை நீ என்றுதான் கூப்பிட்டேன். இன்று மரியாதை போட்டு அவர் என்று எழுதினால் அது பொய். ஆஸ்பத்திரியைக் கூட்டுவாள், கழுவுவாள், துணி தோய்ப்பாள், வாளி தூக்குவாள், செத்தவரைக் குளிப்பாட்டுவாள். ஆனால் தோட்டத்துப் புத்தகத்தில் அவள் கொழுந்து பறிக்கிற ஆள். காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய் அங்கே பேர் கொடுத்துவிட்டுத்தான் எங்களிடம் வருவாள். ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போய்விடும். பதினாறு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவளுக்கு ஆஸ்பத்திரி வேலைக்காரி என்று ஒரு துண்டுக் கடதாசி கிடையாது.

எங்களுக்குக் கைக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். அது அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். நான் வருவதற்கு முன்பே இருந்தது. நோயாளியைத் தொட்டுவிட்டு வாசல் படிக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினால் போதும், அலுமினியச் செம்போடு அவள் நிற்பாள். சாப்பிடப் போகும்போதும் அப்படித்தான். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது. ஒரு மாதம் போனதும் அவள் வரச் சுணங்கினால் எனக்கு எரிச்சல் வந்தது.

அவள் வாயாடி. டாக்டர் ஐயாவுக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். என்னிடம் கதைப்பாள்.

"அம்மா, கைய நல்லா நீட்டுங்க. மொய் எழுத வந்தவங்க மாதிரி ஒளிச்சு ஒளிச்சு நீட்டுறீங்களே" என்பாள்.

சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கழுவுவேன். அவள் கைக்கு யார் ஊற்றுகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பணிய லயங்களில் வாந்திபேதி தொடங்கியது. நாடு நாடாகச் சுற்றிக்கொண்டு வந்த கொலரா அது என்று பிறகு வந்த கடிதத்தில்தான் படித்தோம். முதலில் இரண்டு பேர், பிறகு ஒரு லயம் முழுக்க. எட்டுக் கட்டில் போதாமல் விறாந்தையில் கன்வஸ் கட்டில் போட்டோம். கன்வஸின் நடுவில் ஓட்டை வெட்டி, கீழே வாளி வைத்திருந்தோம். தண்ணீர் தண்ணீராகப் போய்க்கொண்டே இருக்கும். வாளி நிறைய நிறைய அவள் தூக்கிக்கொண்டு போய், வெளிற்றுத் தூள் போட்டு, பின்னாலுள்ள குழியில் ஊற்றுவாள்.

அந்த நேரத்தில்தான் கண்டியிலிருந்து சுற்றறிக்கை வந்தது. சுகாதாரப் பணியாளர்கள் தங்களை எப்படிக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற வழிகாட்டல். சிங்களத்தில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. தமிழில் இல்லை. வாந்திபேதியில் கிடக்கிறது முழுக்கத் தமிழ்ச் சனம், வழிகாட்டலில் தமிழ் இல்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் பெரிய கோபம். எங்களை ஆர் மனிசராக மதிக்கினம் என்று டாக்டர் ஐயாவிடம் ஒரு மணித்தியாலம் கத்தினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கத்தி என்ன பிள்ளை, நீர் எழுத்து வடிவா எழுதுவீர்தானே, தமிழில எழுதிச் சுவரில ஒட்டும்" என்றார்.

எழுதினேன். என் கையெழுத்து அழகு, பள்ளிக்கூட நாளிலிருந்தே எல்லோரும் சொல்வார்கள். பெரிய தாளில் நீல மையால், வரி வரியாக எழுதினேன். பணியாளருக்குக் கையுறை. பணியாளருக்குச் சவர்க்காரம். பணியாளருக்கு நோய் வந்தால் உடனே ஏற்ற, இரண்டு போத்தல் சேலைன் புறம்பாக ஒதுக்கி வைக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியைத் தொட்ட பிறகும், சாப்பிடுமுன்னும், ஓடும் குழாய்த் தண்ணீரில் கை கழுவ வேண்டும்.

குழாய்த் தண்ணீர் என்ற இடத்தில் பேனா நின்றது. எங்களுக்கு எங்கே குழாய்? தேங்கிய பாத்திரத்தில் எல்லோரும் கை விட்டால் நோய்தான் பரவும். கொஞ்சம் யோசித்து நானாக ஒரு வரி எழுதினேன்: குழாய் இல்லாத இடங்களில் ஒருவர் ஊற்ற, மற்றவர் கழுவவும்.

அந்த வரி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கண்டியிலிருந்து பார்க்க வந்த மேலதிகாரிக்கும் பிடித்தது. பக்கத்துத் தோட்டங்களுக்கும் இதையே பிரதி எடுத்து அனுப்பச் சொன்னார். எத்தனை ஆஸ்பத்திரிச் சுவரில் என் எழுத்து ஒட்டியிருந்ததோ எனக்குத் தெரியாது. அந்த ஒருவர் யார், அவருக்கு யார் ஊற்றுவது என்று நானும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒட்டிய அன்று எல்லோரையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். டாக்டர் ஐயா இருந்தார். மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இருந்தார். நாங்கள் மூன்று பேர்தான் அந்தத் தோட்டத்தின் சுகாதாரப் பணியாளர்கள். கண்டிக்கு அனுப்பிய பட்டியலிலும் மூன்று பேர்தான். மூன்று பேருக்குக் கையுறை, மூன்று பேருக்குச் சவர்க்காரம் வந்தது. அவள் செம்போடு வாசல் நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். வாசிக்கத் தெரியாதவள், ஆனால் கேட்டதை மறக்கமாட்டாள். முடிந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, இது எனக்கும் சேத்துத்தானா?"

"உனக்கில்லை. இது ஸ்டாஃபுக்கு" என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. ஏளனமாகவும் சொல்லவில்லை. கடையில் அரிசி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று சொல்வோமே, அந்தக் குரலில்தான் சொன்னேன். அவள், "ஆமாங்கம்மா, எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். தமிழில் இல்லை என்று ஒரு மணித்தியாலம் கத்தியவள் நான். என் தமிழில் அவள் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நாங்கள் சுற்றறிக்கையை ஒரு எழுத்துப் பிசகாமல் நடத்தினோம். ஒரு நோயாளி, ஒரு கை கழுவல். டாக்டர் ஐயா நீட்டுவார், அவள் ஊற்றுவாள். நான் நீட்டுவேன், அவள் ஊற்றுவாள். பிள்ளைக் காம்பரா அம்மா வந்து நீட்டுவார், அவள் ஊற்றுவாள். ஒரு வாளியைக் குழியில் கொட்டிவிட்டு அதே கையால் செம்பைப் பிடிப்பாள். எங்கள் கையில் தண்ணீர்தான் படும், செம்பின் பிடி படாது. நாங்கள் சுத்தம். அவளுக்கு ஊற்ற ஆள் இல்லை. சவர்க்காரம் எங்களுடையது. கழுவுவதென்றால் சரிவு இறங்கிப் பீலிக்குப் போக வேண்டும். விறாந்தையில் யாராவது அம்மா அம்மா என்று முனகிக்கொண்டிருக்கும்போது அவள் எங்கே போக. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொள்வாள். பத்து மணிக்குக் குழிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவாள். அவள் அங்கிருந்து சாப்பிடுவதை நான் ஒவ்வொரு நாளும் யன்னலால் பார்த்தேன். எனக்கு மூன்று வருடம் சுகாதாரம் படிப்பித்தார்கள். எனக்குக் கண் இருந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு காலை அவள் ஊற்றிய தண்ணீர் என் கையில் விழாமல் படியில் விழுந்தது.

"என்ன ஊத்திற நீ? பாத்து ஊத்து. தண்ணி சும்மாவே வருது?" என்று ஏசினேன்.

"குளிருதுங்கம்மா. கை நடுங்குது" என்றாள்.

மழைக் குளிர்தான், நானும் சரி என்று விட்டேன். அன்று காலை நாலு மணியிலிருந்தே அவளுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பேர் போய்விடும் என்று பெரட்டுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, மற்றவர்களின் வாளியைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். பதினொரு மணிக்குக் குழியடியில் விழுந்து கிடந்தாள். கண் உள்ளே போய்விட்டது. கையைக் கிள்ளினால் தோல் கிள்ளியபடியே நின்றது. நாடி தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சேலைன் முந்திய நாளே முடிந்துவிட்டது. அலுமாரிக்குள் ஒதுக்கி வைத்த இரண்டு போத்தல் இருந்தது. திறப்பு டாக்டர் ஐயாவின் காற்சட்டைப் பையில்.

"ஐயா, திறப்பைத் தாங்கோ" என்றேன்.

"அது ஸ்டாஃபுக்கு ஒதுக்கினது. சேர்குலரில கிடக்கு. நீர்தானே எழுதினனீர்."

"அவளும் எங்கட ஆள்தானே ஐயா."

"பட்டியலில இருக்கே? இல்லைத்தானே. நாளைக்கு எனக்கு வந்தா என்ன செய்யிறது? உமக்கு வந்தா? உம்மட பிள்ளை சின்னப் பிள்ளை, அதையும் யோசியும்."

இந்த இடத்தை எழுதாமல் விட்டுவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது, டாக்டர் ஐயா செத்து எத்தனையோ வருடம். ஆனால் எழுதத்தான் வேண்டும். அவர் என் பிள்ளையைச் சொன்னதும் நான் வாயை மூடினேன். என் மகள் குவார்ட்டர்ஸ் படியில் உட்கார்ந்து விளையாடுவது யன்னலால் தெரிந்தது. போத்தல் அங்கேயே இருக்கட்டும் என்று எனக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. உப்புச் சீனித் தண்ணீரைக் கரைத்து அவளுக்குப் பருக்கினேன், குடித்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் திரும்பிப் போய் அவரிடம் கை நீட்டினேன். அவர் திறப்பைத் தந்தார், ஒரு போத்தல்தான் என்று சொல்லித் தந்தார். அரை மணித்தியாலம் போயிருந்தது. கிடைத்த ஒரு நரம்பில் அதை ஏற்றிவிட்டு, கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன்.

தோட்டத்து லொறியில் கொழுந்துச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். ஓட்டுநர் சிங்களவர், மடுல்கெல்ல ஆள். நான் பின்னால் ஏறி, போத்தலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். குடிக்கக் கொடுப்பதற்கு ஆறவைத்த தண்ணீர் ஒரு கேத்தலில் வைத்திருந்தேன். அவள் புருசன் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தான், ஆள் அனுப்பினோம், காத்திருக்கவில்லை.

யுத்த காலம். கண்டிக்குப் போகும் பாதையில் மணல் மூடை அடுக்கிய காவலரண்கள். ஒன்றில் மறித்தார்கள். மீசை இன்னும் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் லொறிக்குப் பின்னால் வந்து அடையாள அட்டை கேட்டான். என்னுடையதைக் கொடுத்தேன், திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாழ்ப்பாணத்து விலாசம். அவளுடையது எங்கே என்றான். அவளுக்கு ஏது? பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டு எத்தனையோ வருடமாகக் காத்திருக்கிற குடும்பம் அது. இந்த நாட்டு மலையில் பிறந்து, இந்த நாட்டுக் கொழுந்தைப் பறித்து, இந்த நாட்டு மருந்துச் சாலையைக் கழுவியவளுக்கு இந்த நாட்டில் அட்டை கிடையாது.

என்னிடம் சுற்றறிக்கை இருந்தது. சிங்களப் பிரதி. அதோடு சேர்த்துக் கண்டியிலிருந்து திரும்பி வந்த எங்கள் பட்டியலில், கீழே பெயர் உள்ள சுகாதாரப் பணியாளர்களைக் கடமையின்போது தடையின்றிப் போகவிட வேண்டும் என்று முத்திரை குத்தியிருந்தது. அதை நீட்டினேன். இவள் எங்கள் ஆஸ்பத்திரி வேலைக்காரி என்று சிங்களத்தில் சொன்னேன். பையன் நின்று நிதானமாக வாசித்தான். மூன்று பெயர். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தான். என் பெயரைக் கண்டுபிடித்தான். இவளுடைய பெயர் இதில் எது என்று கேட்டான்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மேலாள் வரவேண்டும், அவர் சாப்பிடப் போயிருக்கிறார், காத்திருங்கள் என்றான். நீங்கள் வேண்டுமானால் போகலாம், பட்டியலில் இருக்கிறீர்கள் என்றும் சொன்னான். அவன் சொன்னது சட்டப்படி சரி. ஓட்டுநர் இறங்கிப் போய் அவனோடு சண்டை பிடித்தார். உன் தாய் இப்படிக் கிடந்தால் மறிப்பாயா என்று பாதைக்கே கேட்கக் கத்தினார். அன்று முழுவதும் அவளுக்காகக் குரல் உயர்த்திய ஒரே மனிதர் அவர்தான். நான் வாயைத் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்து அட்டைக்காரி, பின்னால் ஒரு பிள்ளை இருக்கிறது, பயம். டாக்டர் ஐயாவோடும் சிப்பாயோடும் ஒரே நாளில் இரண்டு முறை என் பயத்துக்கு நான் பிள்ளையைக் கேடயமாகப் பிடித்தேன்.

போத்தல் முடிந்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா."

"சொல்லு. இந்தா போயிடலாம்."

"கை நாறுதுங்கம்மா. கொஞ்சம் தண்ணி ஊத்துங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. குடிக்கக் கேட்கிறாள் என்று கேத்தலை வாயருகில் கொண்டுபோனேன். தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் சேர்த்து என் பக்கம் கொஞ்சமாகத் தூக்கினாள். நாங்கள் வாசல் படியில் நீட்டுவது போலவே நீட்டினாள்.

அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். பதினாறு வருடம் அந்தக் கைகள் ஆஸ்பத்திரியில் இருந்தன, இரண்டு வருடம் எனக்கு ஒவ்வொரு நாளும் தண்ணீர் ஊற்றின, நான் பார்த்ததில்லை. வெளிற்றுத் தூளில் ஊறி உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. விரலிடுக்கில் வெடித்து, வெடித்த இடமெல்லாம் சிவந்திருந்தது. கையுறை இல்லாமல் அந்தத் தூளைக் கரைத்திருக்கிறாள். எரிகிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. யாரிடம் சொல்வாள்?

போத்தலை லொறிக் கம்பியில் கொழுவிவிட்டு, கேத்தலைச் சரித்து ஊற்றினேன். ஒரு கையை மற்றக் கையால் மெதுவாகத் தேய்த்தாள். தண்ணீர் சாக்கில் விழுந்து ஊறியது.

"நல்லா ஊத்துறீங்கம்மா" என்றாள். அந்த நிலையிலும் என்னை ஒரு குத்துக் குத்தாமல் விடவில்லை.

மேலாள் வந்தார். எட்டிப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், போகச் சொல்லிக் கையசைத்தார். காகிதத்தை அவர் கேட்கவே இல்லை. அங்கே முக்கால் மணித்தியாலம் நின்றிருப்போம். கண்டி ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தபோது அவள் இல்லை. ஓட்டுநர் தன் தோளில் போட்டிருந்த துவாயை எடுத்து அவள் முகத்தை மூடினார். அடையாள அட்டை இல்லாததால் அவள் பெயரை எழுதிக்கொள்வதற்கும் அங்கே ஒரு பாடு பட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கண்டியிலிருந்து மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று தகவல் வந்தது. தோட்டத்தை நடத்தும் தொரை கேள்விப்பட்டார். தொழிற்சாலையிலிருந்து ஒரு இரும்புப் பீப்பாய் வந்தது. குழாய் வேலை செய்பவர் அடியில் ஒரு ஓட்டை போட்டு, ஒரு பைப்பைத் திருகிப் பூட்டினார். அதை ஆஸ்பத்திரி வாசல் படிக்குப் பக்கத்தில் கல் அடுக்கி ஏற்றினார்கள். தண்ணீர் நிரப்பத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எல்லாம் ஒரு பின்னேரத்து வேலை. ஒரு பழைய பீப்பாய், ஒரு பைப், ஒரு ஓட்டை. இரண்டு வருடம் நான் அந்த வாசல் படியில் கை நீட்டிக்கொண்டு நின்றேன், இதை ஒருத்தரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. எனக்குத்தான் தண்ணீர் வந்துகொண்டிருந்ததே.

மேலதிகாரி வந்தார். பீப்பாயைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். பைப்பைத் திருகிக் கை கழுவிப் பார்த்தார். இதையும் மற்றத் தோட்டங்களுக்கு எழுதலாம் என்றார். பிறகு மருந்து அறைக் கதிரையில் உட்கார்ந்து, அறிக்கைப் படிவத்தை என் முன்னால் வைத்தார். எழுத்து வடிவாக இருக்கும், நீங்களே நிரப்புங்கள் என்றார்.

நோயாளிகளின் தொகை எழுதினேன். அவளும் அதற்குள்தான் வந்தாள், பணிய லயத்துத் தொழிலாளி, பெண் என்று. அடுத்த வரி, நோயுற்ற சுகாதாரப் பணியாளர்கள்.

நான் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். "சேர், எங்கட ஆஸ்பத்திரியில வேலை செய்த ஒருத்தி செத்துப் போனா" என்றேன்.

அவர் டாக்டர் ஐயாவைப் பார்த்தார். டாக்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்தார். "அவ ஃபீல்ட் ஆள், சேர். பெரட்டில பேர்."

"அப்ப இதில வராதுதானே" என்றார் மேலதிகாரி. அன்பாகத்தான் சொன்னார். "போட்டா கேள்வி வரும் மிஸ். ஏன் அவவுக்குக் கையுறை குடுக்கேல்லை எண்டு கேப்பாங்க. உங்களுக்குத்தான் கரைச்சல்."

வெளியே பீப்பாய்ப் பைப் சரியாகப் பூட்டப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் என் நீல மைத் தாள் ஒட்டியபடியே இருந்தது. நான் எழும்பிப் போய் அந்தத் தாளைக் கிழித்தெறிந்திருக்கலாம். அந்தப் படிவத்தில் அவள் பெயரை எழுதியிருக்கலாம். வேலை போயிருக்கும், குவார்ட்டர்ஸ் போயிருக்கும், பெட்டியைக் கட்டிக்கொண்டு பிள்ளையோடு மறுபடி கண்டித் தெருவில் வீடு தேடியிருப்பேன். செத்துப் போயிருக்கமாட்டேன்.

பேனாவை எடுத்தேன். நோயுற்ற சுகாதாரப் பணியாளர்கள் என்ற வரிக்கு நேரே, இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மேலதிகாரி படிவத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நல்ல கையெழுத்து என்றார்.